கட்டணமும் கட்டுச்சோறும்

விமானத்தில் தரும் சாப்பாடு ஒரு காலத்தில் நன்றாக இருந்தது, இப்போது கெட்டுப்போய்விட்டது என்று சொல்லாதவர்கள் குறைவு. ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் தயாராக வரும். கம்பெனிக்காரர்களுக்குக் கஞ்சத்தனம்; அவ்வளவு உயரத்தில் நாக்கு மரத்துப்போகிறது; எங்கோ ஆலை மாதிரி ஓரிடத்தில் சமைத்து, ஆறவைத்து, மறுபடி சூடாக்கித் தருகிறார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலின் நூறாண்டு வரலாற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், சாப்பாடு எப்போது உயர்ந்தது, எப்போது தாழ்ந்தது என்பதற்கு இந்தக் காரணங்கள் பொருந்தி வருவதில்லை. பொருந்தி வருவது வேறொன்று: டிக்கெட்டின் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது. விலையைக் குறைத்து ஆள் பிடிக்க முடியாத காலத்தில் விமானக் கம்பெனிகள் தட்டை நிரப்பி ஆள் பிடித்தன. விலை அவிழ்த்துவிடப்பட்டதும் தட்டு சுருங்கியது. சமையற்கட்டுக்கு வெளியே, சட்டப் புத்தகங்களிலும் கட்டண மாநாடுகளிலும் எழுதப்பட்ட வரலாறு இது.

தொடக்கம் எளியதுதான். 1919 அக்டோபரில் ஹாண்ட்லி பேஜ் கம்பெனி லண்டன்-பாரிஸ் பயணிகளுக்கு ஒரு மதிய உணவுப் பெட்டியை 3 ஷில்லிங்குக்கு விற்றது. அன்றைக்கு உணவு டிக்கெட்டில் சேர்ந்ததல்ல, தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. இன்று மலிவுக் கட்டண விமானத்தில் காசு கேட்கிறார்களே என்று கோபப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விமானச் சாப்பாடு பிறந்ததே விலைப்பட்டியலோடுதான். 1927-ல் இம்பீரியல் ஏர்வேஸ் அதே பாதையில் 'சில்வர் விங்' என்ற பெயரில் பரிசாரகர் ஒருவரை ஏற்றி உணவு பரிமாறியது. 1930 மே மாதம் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் எல்லன் சர்ச் என்ற நர்ஸ் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஏறினார். அந்த விமானங்கள் தாழப் பறந்து குலுங்கும், பயணிகளுக்கு வாந்தி வரும், பயமும் இருந்தது. கோழிக்கறியும் ரொட்டியும் பழமும் கொடுத்தது பசிக்காக மட்டுமல்ல, தைரியத்துக்காகவும்தான். போட்டியாளர் இன்னொரு விமானம்கூட அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெள்ளைத் துணி விரித்த மேஜையோடு ஓடிய ரயில் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. 1936-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஓக்லண்டில் விமானத்துக்கென்றே ஒரு சமையற்கூடம் கட்டியது. அடுத்த ஆண்டு வாஷிங்டனின் ஹூவர் ஃபீல்டு விமான நிலையத்தின் பக்கத்தில் உணவகம் வைத்திருந்த வில்லார்ட் மேரியட், தன் வாடிக்கையாளர்கள் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதைக் கவனித்து, கம்பெனிகளுக்கே நேராக உணவு அனுப்பத் தொடங்கினார். இன்று ஹோட்டல்களின் பெயராக உலகம் அறிந்த மேரியட், விமானத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர்.

ஆனால் அதுவரை கொடுத்ததெல்லாம் ஆறிய உணவு, அல்லது ஃபிளாஸ்கில் சூடு காத்த உணவு. பொட்டலம் சூடான சாப்பாடாக மாறிய கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் இன்றைக்கு நம் முன்னால் வந்து உட்காரும் ஃபாயில் பெட்டியின் வம்சம் அங்கே தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையின் போக்குவரத்து விமானங்கள் கடல் தாண்டி மணிக்கணக்கில் பறந்தன. வீரர்களுக்குக் கிடைத்தது ஆறிய சாண்ட்விச்சும் டப்பா உணவும். வில்லியம் மாக்ஸன் என்ற நியூயார்க் கண்டுபிடிப்பாளர் இதற்கு இரண்டு பொருள்களைச் செய்தார். ஒன்று, மூன்று குழி கொண்ட தட்டு: ஒன்றில் இறைச்சி, ஒன்றில் காய்கறி, ஒன்றில் உருளைக்கிழங்கு. மூன்றும் ஒரே பக்குவத்தில் வேகவைக்கப்படவில்லை. சூடாக்கும்போது மூன்றும் ஒரே நேரத்தில் சரியான பதத்துக்கு வரும்படி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவு முன்னதாக வேகவைத்து உறையவைத்தார். இரண்டாவது, ஆறு தட்டுகள் செருகும் சின்ன அடுப்பு. அதன் பின்புறம் ஒரு காற்றாடி. சூடான காற்றைத் தட்டுகளைச் சுற்றிச் சுழலவிட்டதால், உறைந்த உணவு கால் மணி நேரத்துக்குள் சாப்பிடத் தயாரானது. போர் முடிந்ததும் பான் ஆம் விமானக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. மாக்ஸன் 1947-ல் இறந்துபோனார். அவர் தட்டின் தங்கை போன்ற 'டிவி டின்னர்' அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், உறையவைத்துச் சூடாக்குவது என்ற முறை விமானச் சாப்பாட்டின் வீழ்ச்சிக் காலத்தில் வந்ததல்ல. அதன் பொற்காலம் என்று சொல்லப்படும் காலத்தின் வாசலிலேயே அது இருந்தது. ஆகவே ஆலைச் சமையல்தான் ருசியைக் கெடுத்தது என்ற வாதம் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது.

இனி விலைக்கு வருவோம். 1945-ல் ஹவானாவில் விமானக் கம்பெனிகள் கூடி சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான 'அயாட்டா'வை அமைத்தன. நாடு விட்டு நாடு போகும் டிக்கெட் என்ன விலை என்பதைக் கம்பெனிகள் மாநாடு கூடி, ஒருமனதாக முடிவு செய்யும். அரசாங்கங்கள் அதை ஏற்கும். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு எந்தச் சங்க உறுப்பினரின் விமானத்தில் ஏறினாலும் ஒரே காசு. ஒரே காசு என்றால் பயணி எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்? இருக்கை, பணிப்பெண், சாப்பாடு. பான் ஆம் பாரிஸின் மாக்சிம் உணவகத்தோடு கைகோத்தது. மற்றவர்களும் பெரிய உணவகங்களின் பெயரைத் தேடிப் போனார்கள். இந்தப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்று சங்கத்துக்கே தெரிந்திருந்தது. அதனால் 1958-ல் அட்லாண்டிக் பாதையில் எகானமி கட்டணத்தைத் தொடங்கியபோது, அந்த வகுப்புக்குச் சாண்ட்விச்சுக்கு மேல் எதுவும் தரக்கூடாது, அதுவும் எளிமையானதாக, ஆறியதாக, மலிவானதாக இருக்க வேண்டும் என்று விதி போட்டது. சாண்ட்விச் என்றால் என்ன என்று விதியில் தெளிவாக இல்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் சாண்ட்விச் என்பது மேலே மூடாத ஒற்றை ரொட்டி. அதன் மேல் இறைச்சி, மீன், காய்கறி எல்லாம் அழகாக அடுக்குவார்கள். எஸ்ஏஎஸ் கம்பெனி அந்த வழக்கத்தை அப்படியே விமானத்தில் ஏற்றியது. அடியில் கிடக்கும் ரொட்டியைக் கரண்டியால் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு மேலே குவிந்திருந்தது. பான் ஆம் புகார் கொடுத்தது. லண்டனில் கூடிப் பேசி, சங்கம் எஸ்ஏஎஸ்ஸுக்கு அபராதம் விதித்தது; ரொட்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும் முடிவாயிற்று. பத்திரிகைகள் இதைச் 'சாண்ட்விச் போர்' என்று எழுதின. வேடிக்கையாகத் தெரிந்தாலும் அந்தப் புகாரில் பொருளாதாரம் இருக்கிறது. ரொட்டியின் மேல் வைத்த ஒவ்வொரு துண்டு இறைச்சியும் மறைமுகமான கட்டணத் தள்ளுபடி. அதனால்தான் பான் ஆம் பதறியது.

அமெரிக்காவுக்குள் இதே கதையை அரசாங்கமே நடத்தியது. 1938 முதல் விமானப் போக்குவரத்து வாரியம் ஒன்று கட்டணத்தையும் பாதையையும் நிர்ணயித்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பெரிய கம்பெனிகளின் வரிசையில் புதிதாக ஒன்றைக்கூட அது சேர்த்துக்கொள்ளவில்லை. கம்பெனிகள் கொழுத்த மாட்டிறைச்சித் துண்டைப் பொரித்துக் கொடுத்தன, ஷாம்பெயின் ஊற்றின. 1971-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 747 விமானங்களில் பியானோ வைத்த ஓய்வறையே அமைத்தது. இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் விலையைக் குறைக்க வழியில்லாததால், காலி இடத்தில் பியானோ ஏறியது. இதற்கு எதிர்ச்சான்றும் அதே நாட்டில், அதே காலத்தில் கிடைக்கிறது. வாரியத்தின் அதிகாரம் மாநில எல்லையைத் தாண்டும் விமானங்களுக்கு மட்டும்தான். கலிஃபோர்னியாவுக்குள் மட்டும் பறந்த பிஎஸ்ஏ, டெக்சாஸுக்குள் மட்டும் பறந்த சௌத்வெஸ்ட் ஆகிய கம்பெனிகள் அதற்குக் கட்டுப்படவில்லை. அவற்றின் கட்டணம் அதே தூரமுள்ள வெளிமாநிலப் பாதைகளின் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி. முழுச் சாப்பாடு கிடையாது. ஒரே ஆகாயம், ஒரே நாக்கு, ஒரே மாதிரி விமானங்கள். வேறுபட்டது விலைச் சட்டம் ஒன்றுதான். சாப்பாடு அந்தச் சட்டத்தின் பின்னாலேயே போயிற்று. 1973-ல் நடந்தது இன்னும் தெளிவானது. டல்லஸ்-ஹூஸ்டன் பாதையில் சௌத்வெஸ்டின் கட்டணம் 26 டாலர். அதை நசுக்கப் பிரானிஃப் கம்பெனி 13 டாலராகக் குறைத்தது. சௌத்வெஸ்ட் பயணிகளிடம் சொன்னது இது: நீங்களும் 13 கொடுக்கலாம், 26 கொடுத்தால் ஒரு முழுப் பாட்டில் மது இலவசம். அலுவலகச் செலவில் வந்த பயணிகள் 26 கொடுத்துப் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். விமானத்தில் இலவசமாகத் தருவது எதுவும் கட்டணத்தின் இன்னொரு உருவம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கட்டணம் கட்டுப்பாட்டில் இருந்தால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றால், நம் இந்தியன் ஏர்லைன்ஸில் ஏன் அப்படி இல்லை? அரசாங்கம்தான் கட்டணம் வைத்தது. ஆனாலும் அந்தச் சாப்பாட்டைப் புகழ்ந்தவர்கள் அரிது. இதற்குப் பதில் இந்தியாவிலேயே இருக்கிறது. 1953-ல் விமானக் கம்பெனிகளை அரசுடைமையாக்கியபோது இரண்டு நிறுவனங்கள் உருவாயின. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. முதலாளி ஒருவரே, இந்திய அரசு. ஏர் இந்தியா 1948 ஜூன் 8-ஆம் தேதி 'மலபார் பிரின்சஸ்' விமானத்தோடு பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறக்கத் தொடங்கிய நாள் முதல், கட்டணத்தில் சங்க விதிக்கும் சேவையில் உலகக் கம்பெனிகளின் போட்டிக்கும் உட்பட்டிருந்தது. அதன் தலைவர் ஜே.ஆர்.டி. டாட்டா தானே பயணியாக ஏறிக் குறிப்பெழுதுவார். ஜெனீவாவிலிருந்து வரும் விமானத்தில் தேநீரின் நிறம் காபியின் நிறத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இருக்கிறது என்று 1951-ல் எழுதியவர் அவர். சாண்ட்விச் போர் நடந்த 1958-ல் அயாட்டாவின் தலைவர் பதவியும் அவரிடம் வந்தது. விலை ஒன்றே என்றால் ஆள் பிடிப்பது தேநீரின் நிறம்தான் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? உள்நாட்டில் அந்த அவசியமே இல்லை. மதராஸிலிருந்து டெல்லிக்குப் பறக்க வேறு விமானம் கிடையாது. ஆகவே விதி இப்படித் திருந்துகிறது: கட்டணம் பூட்டப்பட்டிருப்பது மட்டும் போதாது, பூட்டுக்குள் போட்டியாளர்களும் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எழுச்சியும் இதையே காட்டுகிறது. 1972-ல் தனியாகப் பிரிந்த அந்தக் கம்பெனி சங்கத்தின் சேவை விதிகளுக்கு வெளியே நின்றது. மற்றவர்கள் எகானமி வகுப்பில் ஹெட்ஃபோனுக்கும் மதுவுக்கும் காசு வாங்கியபோது, அது இரண்டையும் இலவசமாகக் கொடுத்து, சாப்பாட்டிலும் தேர்வு கொடுத்தது. உலகம் முழுக்க அதன் பெயர் பரவியது.

1978 அக்டோபர் 24-ஆம் தேதி அதிபர் கார்ட்டர் அமெரிக்கக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். தட்டு அன்றே காணாமல் போய்விடவில்லை. பழக்கம் மெதுவாகத்தான் உதிர்ந்தது. 1987-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல் சாலட்டிலிருந்து ஓர் ஆலிவ் பழத்தை எடுத்துவிட்டு ஆண்டுக்கு 40,000 டாலர் மிச்சப்படுத்தினார் என்ற கதை இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது. இதை வைத்துத்தான் கஞ்சத்தனம் என்கிறார்கள். ஆனால் அதே கம்பெனி பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால் பியானோ வைத்த கம்பெனி. குணம் மாறவில்லை, விதி மாறியது. 2001-க்குப் பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக உள்நாட்டு எகானமி வகுப்பின் இலவசச் சாப்பாட்டை நிறுத்தின. கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த கான்டினென்டல் 2010-ல் விட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2017 ஜனவரியில் குறுந்தூரப் பாதைகளில் உணவை விற்கத் தொடங்கியது. இதில் பலர் கவனிக்காத ஒன்று, மிச்சமானது அரிசி, கோழியின் விலை மட்டுமல்ல என்பது. சூடான சாப்பாடு கொடுக்க அடுப்பு வேண்டும், தள்ளுவண்டிகள் நிற்க இடம் வேண்டும், தரையில் வண்டிகளை ஏற்றி இறக்க நேரம் வேண்டும், கொட்டியதைத் துடைக்க இன்னும் நேரம் வேண்டும். மலிவுக் கட்டணக் கம்பெனி அரை மணிக்குள் விமானத்தைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது. ஏர்பஸ் ஏ320-ன் பின்பக்கச் சமையல் மேடையையும் கழிப்பறையையும் நெருக்கி அமைத்ததால் 180 இருக்கை 186 ஆனது. அந்த ஆறு இருக்கைகள் ஒரு நாளில் பல தடவை விற்கப்படுகின்றன. தட்டில் என்ன இருந்தது என்பதைவிட, தட்டு வைத்திருந்த இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே கணக்கு.

உயரத்தில் நாக்கு மரத்துப்போகும் என்ற வாதம் அறிவியல் ஆதாரத்தோடு வருகிறது. அதைத் தள்ளிவிட முடியாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையுச்சியில் இருப்பதைப் போன்றது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. இன்ஜினின் இரைச்சல் விடாது. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக ஒரு பழைய ஏர்பஸ்ஸின் உடற்பகுதியை அழுத்தம் குறைக்கும் கூடத்துக்குள் வைத்துச் சோதித்தது. உப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரிவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. தக்காளிச் சாறு தரையில் மண்வாசம் அடிப்பதாகச் சொன்னவர்களுக்கே அங்கே இனிப்பாகத் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு, இரைச்சல் இனிப்பை மட்டுப்படுத்தி, இறைச்சிச் சாற்றிலும் தக்காளியிலும் உள்ள அந்தச் செறிந்த சுவையைக் கூட்டுகிறது என்றது. எல்லாம் சரி. ஆனால் 1950-களில் அட்லாண்டிக்கைக் கடந்த பிஸ்டன் இன்ஜின் விமானங்களும் அழுத்தம் கட்டிய விமானங்கள்தான். அவற்றின் அதிர்வும் சத்தமும் குறைந்ததல்ல. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் அந்தச் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். உடம்பின் அறிவியல், தட்டில் உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லும். தட்டு ஏன் வரவில்லை என்று சொல்லாது. அந்த அறிவு சமையலை நல்ல திசையிலும் திருப்பியிருக்கிறது. 1973-ல் பிரெஞ்சு யுடிஏ கம்பெனிக்கு ஆலோசனை சொல்ல வந்த சமையல் மேதை ரேமோன் ஒலிவே, ஒயினில் வேகவைத்த கோழி, மாட்டிறைச்சிக் குழம்பு போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தார். காரணம், குழம்பில் ஊறியது மறுபடி சூடாக்கினாலும் வறளாது. நம் ஊர்ச் சாம்பார் சாதமும் குருமாவும் வானத்தில் தாக்குப்பிடிப்பது இதே காரணத்தால்தான்.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. 1975 பிப்ரவரியில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் உணவு ஏற்றிக்கொண்டு கோபன்ஹேகனுக்குப் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-ல் 344 பயணிகள். காலை உணவு சாப்பிட்ட சிறிது நேரத்தில் 190-க்கும் மேற்பட்டவர்கள் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்தார்கள். 140-க்கும் அதிகமானோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு சமையல்காரரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து கிருமி பன்றி இறைச்சிக்கு ஏறியிருந்தது. அந்தத் தட்டுகள் குளிரவைக்கப்படாமல் பல மணி நேரம் கிடந்திருந்தன. விமானிகளுக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரமாக இருந்ததால் வேறு உணவு சாப்பிட்டார்கள். அதனால் விமானம் தப்பியது. விமானி இருவரும் ஒரே உணவைச் சாப்பிடக்கூடாது என்ற பழக்கம் இதற்குப் பிறகு அழுத்தம் பெற்றது. 1992-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போன அர்ஜென்டினா விமானம் ஒன்றில் இறால் சாலட் வழியாகக் காலரா பரவி ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட விபத்துகள்தான் சமைத்ததை உடனே குளிர்காற்றில் தள்ளி 5 டிகிரிக்குக் கொண்டுவரும் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கின. கட்டுப்பாடு ருசியைக் கொஞ்சம் தின்றது உண்மை. ஆனாலும் அதே கூடத்தில், அதே குளிரூட்டும் அறையைக் கடந்துதான் பிசினஸ் வகுப்பின் தட்டும் வருகிறது. அது நன்றாகத்தானே இருக்கிறது?

இந்தக் கேள்வி கடைசி, கனமான எதிர்வாதத்துக்குக் கொண்டுபோகிறது. விலைப் பூட்டு நல்ல சாப்பாட்டைத் தந்தது என்றால், அந்தப் பூட்டைத் திரும்பப் போடலாமா? கூடாது என்பதே என் துணிபு. அந்தப் பொற்காலத் தட்டுக்கு விலை கொடுத்தவர்கள் அதில் ஏறியவர்கள் மட்டுமல்ல, ஏறவே முடியாமல் போனவர்களும்தான். வளைகுடாவில் கொத்தனாராகவும் ஓட்டுநராகவும் உழைக்கும் திருச்சி, ராமநாதபுரத்துக்காரர் இன்று வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து போக முடிவது கட்டணம் அவிழ்ந்ததால். தட்டில் உள்ள கறித்துண்டைவிட அது பெரியது. சாப்பாடு முற்றிலும் மறையவுமில்லை. எங்கே போட்டி இன்னும் தட்டின் மேல் நடக்கிறதோ அங்கே இருக்கிறது. பத்துப் பதினைந்து மணி நேரம் பறக்கும் பாதைகளிலும், திரை போட்ட முன்பக்க வகுப்பிலும் கம்பெனிகள் இன்றும் சமையல்காரரின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்கின்றன. சென்னையிலிருந்து துபாய் வழியாக அமெரிக்கா போகிறவர்கள் டிக்கெட்டோடு 'ஏசியன் வெஜிடேரியன்' என்று முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். அந்தத் தட்டு தள்ளுவண்டிக்கு முன்னாலேயே தனியாக வந்துவிடும், பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பார். சைவம், ஜைனம், ஹலால், கோஷர் என்று இத்தனை பிரிவு வைத்திருப்பது, அந்தப் பயணிகளை அடுத்த கம்பெனிக்கு இழக்கக்கூடாது என்ற கணக்கினால்.

ஆனால் அவிழ்ந்த விலையின் சுமை ஒரு பக்கமாகவே சாய்ந்தது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கட்டணம் குறையக் குறைய, கம்பெனிகள் தங்கள் சமையற்கூடங்களை வெளியாருக்கு விற்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஹீத்ரோவில் இருந்த தன் சமையற்கூடத்தை 1997-ல் கேட் கோர்மே கம்பெனிக்குக் கொடுத்தது. அங்கே தட்டுகளை அடுக்கியவர்களில் பெரும்பகுதி லண்டனின் சௌத்தாலில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண்கள். 2005 ஆகஸ்டில் நிர்வாகம் தற்காலிக ஆட்களைக் கொண்டுவந்ததை எதிர்த்து வேலையை நிறுத்திய 600-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாக விமான நிலையத் தரைப் பணியாளர்கள் வேலையை நிறுத்த, ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்கள் நின்றுபோயின. விடுமுறைக் காலத்தில் பல்லாயிரம் பயணிகள் தரையில் கிடந்தார்கள். மலிவான டிக்கெட்டின் மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்போது, குளிர்ந்த கூடத்தில் கையுறை போட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண்களின் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் இதே நாடகம் தாமதமாக, ஆனால் வேகமாக நடந்தது. 1992 முதல் தனியார் விமானங்கள் வந்தன. 1994-ல் பழைய அரசுடைமைச் சட்டம் நீக்கப்பட்டது. கட்டணங்கள் பெரும்பாலும் இந்தியன் ஏர்லைன்ஸின் கட்டணத்தை ஒட்டியே இருந்ததால், ஜெட் ஏர்வேஸும் தமானியாவும் தட்டில் மோதின. இந்தியன் ஏர்லைன்ஸும் விழித்துக்கொண்டது. அட்லாண்டிக்கில் 1950-களில் நடந்தது நம் ஆகாயத்தில் 1990-களில் நடந்தது. பிறகு 2003 ஆகஸ்டில் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். அவர் ரயிலின் ஏசி வகுப்புப் பயணியைப் பார்த்து விலை வைத்தார்; சாப்பாடு வேண்டியவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மதுரையில் வேர்கொண்ட பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-லும் அதே ஆண்டு கிங்ஃபிஷரும் வந்து தட்டின் பக்கம் நின்றன. 2006-ல் இண்டிகோ வந்தது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேல் இண்டிகோவில்தான் போகிறார்கள்; பாரமவுண்டும் கிங்ஃபிஷரும் இல்லை. அவை மூடியது சாப்பாட்டினால் அல்ல. ஆனால் விலை ஒரு திரையில் வரிசையாகத் தெரியும் காலத்தில், தட்டுக்காக நூறு ரூபாய் கூடக் கொடுக்கப் பயணிகள் தயாராக இல்லை என்பது அந்தப் போட்டியில் தெரிந்துவிட்டது. 2017-ல் ஏர் இந்தியாவே உள்நாட்டு எகானமி வகுப்பில் அசைவத்தை நிறுத்தியது.

என் வாதத்தைச் சோதிக்கும் ஒரு காலமும் அண்மையில் வந்து போயிற்று. கொரோனாவை ஒட்டி 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை உள்நாட்டுக் கட்டணத்துக்கு அரசாங்கம் மேலும் கீழும் எல்லை வைத்திருந்தது. விலை பாதி பூட்டப்பட்டது, போட்டியாளர்களும் இருந்தார்கள். அப்படியானால் தட்டு திரும்பி வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. தொற்று பயத்தால் பல மாதங்கள் உணவு பரிமாறவே தடை இருந்தது ஒரு காரணம்; எல்லைகளுக்கு நடுவே விலை ஏறி இறங்கத் தாராளமாக இடம் இருந்தது இன்னொன்று. ஆனால் மூன்றாவது காரணம்தான் நீண்ட நாள் நிற்கப்போவது. பல நூறு விமானங்கள் அடுப்பு இல்லாமலே வாங்கப்பட்டுவிட்டன. அவற்றில் வெந்நீர்க் கொதிகலன் மட்டும் உண்டு. அதனால்தான் காகிதக் கோப்பையில் காய்ந்த ரவை உப்புமாவை வைத்து, வெந்நீர் ஊற்றி, மூடி, சில நிமிடம் கழித்துத் திறந்து சாப்பிடச் சொல்கிறார்கள். மாக்ஸனின் அடுப்பு இருந்த இடத்தில் 31-ஆம் வரிசை வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு விமானம் இருபது ஆண்டுகளாவது பறக்கும். நாளைக்கே டெல்லியில் கட்டண விதியை மாற்றினாலும், சென்னை-டெல்லி விமானத்தில் சூடான சாப்பாடு கொடுக்க வேண்டுமானால் முதலில் அந்த ஆறு இருக்கைகளைக் கழற்ற வேண்டும்.